படிப்பு அதிகமில்லை, கூலிதான் குறைவு

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ போதும் என்று வரையறுக்கப்பட்ட வேலையில் ஒரு பட்டதாரி சேர்ந்தால், அவரை ‘மிகைத்தகுதி’ உடையவர் என்று முதலாளித்துவப் பொருளியல் அழைக்கிறது. அந்தச் சொல்லே பழியைத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது. அவர் அளவுக்கு மேல் படித்துவிட்டாராம். அதனால்தான் படிப்புக்கேற்ற கூலி கிடைக்கவில்லையாம். கூலியை நிர்ணயித்தவன் யார், அந்தப் படிப்பின் பலனை இலவசமாக அனுபவிப்பவன் யார் என்ற கேள்விகள் அதோடு காணாமல் போகின்றன.

அந்தக் கேள்விகளுக்கு விடை காண, திருப்பதி மாவட்டத்து நாராயணவனம் போதும். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மண்டலம் அது. புத்தூரை ஒட்டிய ஊர். கல்யாண வெங்கடேசுவரர் கோயிலாலும் தறிகளாலும் பெயர் பெற்றது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வட்டாரம். புத்தூரிலிருந்து நாராயணவனம் செல்லும் சாலையிலேயே பொறியியல் கல்லூரி வளாகம் இருக்கிறது. இந்த மண்டலம் அடங்கிய சத்தியவேடு தனித்தொகுதியின் மறுகோடியில், தமிழக எல்லையை ஒட்டி, ஸ்ரீசிட்டி என்னும் பன்னாட்டு மூலதனத்தின் தொழில் நகரம் இருக்கிறது. ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் தறியும் உண்டு, பொறியியல் பட்டமும் உண்டு, கைப்பேசி பொருத்தும் ஆலையும் உண்டு. இந்த மூன்றுக்கும் இடையே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளின் கூலி எப்படி நசுக்கப்படுகிறது என்பதுதான் பிரச்சனை.

ராஜசேகர ரெட்டி ஆட்சிக் காலத்தில், 2000-களின் பிற்பகுதியில், கல்விக் கட்டணத்தை அரசே திருப்பிச் செலுத்தும் திட்டம் வந்தது. நெசவாளர், விவசாயத் தொழிலாளர், தலித் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தது அதனால்தான். அது மறுக்க முடியாத முன்னேற்றம். ஆனால் பணம் சென்ற பாதையையும் கவனிக்க வேண்டும். மக்களின் வரிப்பணம் கட்டணமாகத் தனியார் கல்லூரிகளுக்குப் போனது. அங்கே உருவான படிப்பாளியை முதலாளியும் அரசும் மலிவு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கல்விக்கான செலவைச் சமூகம் ஏற்றது. அதன் ஆதாயம் மூலதனத்தின் கணக்கில் வரவானது.

ஐயாயிரம் ரூபாய்ச் ‘சேவை’

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜெகன்மோகன் ரெட்டி அரசு கிராம, வார்டு தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தில் ஐம்பது குடும்பங்களுக்கு ஒருவர். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். சமவெளிக் கிராமங்களுக்கு இண்டர்மீடியட் தேர்ச்சி போதும் என்று அறிவித்தார்கள். வேலை இல்லாத மாநிலத்தில் வந்து நின்றவர்களில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் இருந்தார்கள். இண்டர்மீடியட் முடித்தவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் அதே ஐயாயிரம்தான்.

இந்தத் தொகையை எடைபோட ஒரு கணக்கு போதும். 2019-20இல் ஆந்திராவில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தினக்கூலி 211 ரூபாய். இருபத்து நான்கு நாள் மண் வெட்டினால் 5,064 ரூபாய். ஓய்வூதியம் வழங்க வேண்டும், குடும்ப விவரங்களைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும், கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுக்க வேண்டும். மாதம் முழுவதும் இதற்காக அலைந்த படித்த இளைஞருக்கு அந்தத் தொகைகூட இல்லை.

2021 பிப்ரவரியில் தன்னார்வலர்கள் கூலி உயர்வு கேட்டு வீதிக்கு வந்தபோது முதலமைச்சர் அளித்த பதில் வரலாற்றில் பதிய வேண்டியது. இது வேலை அல்ல, சேவை என்றார். சம்பளத்துக்குப் பதில் பாராட்டும் விருதும் அறிவித்தார். அரசு தரும் வேலையைச் செய்கிறவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிட்டால், குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எதற்கும் வழியில்லை. அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களிடம் பல பத்தாண்டுகளாக நடத்தப்படும் அதே தந்திரம்தான், பட்டதாரி இளைஞர்கள்மேல் பெரிய அளவில் ஏவப்பட்டது.

அடுத்து வந்தவர்கள் இதைத் திருத்தினார்களா? 2024 தேர்தலுக்கு முன் சந்திரபாபு நாயுடு தன்னார்வலர்களுக்கு 10,000 ரூபாய் தருவதாக வாக்களித்தார். ஜூன் மாதம் தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தன்னார்வலர்களின் பணி புதுப்பிக்கப்படவே இல்லை, எனவே அப்படி எவரும் இப்போது பணியில் இல்லை என்று நவம்பரில் சட்டமேலவையில் அமைச்சர் கைவிரித்தார். முந்தைய அரசு அவர்களைத் தொழிலாளியாக ஏற்கவில்லை. இந்த அரசு அவர்கள் இருந்ததையே ஏற்கவில்லை. ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் அந்த இளைஞர்களின் கையில் எஞ்சியது, எந்த முதலாளியும் அனுபவமாக மதிக்காத ஒரு சான்றிதழ்.

பதினைந்தாயிரத்துக்கு ஒரு பொறியாளர்

தன்னார்வலர்களுக்கு மேலே கிராமச் செயலகம். 2019 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இந்த அமைப்புக்கு 1.26 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. இருபத்தொரு லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. பொறியியல் உதவியாளர், டிஜிட்டல் உதவியாளர், வேளாண் உதவியாளர், நில அளவை உதவியாளர், நலத்திட்ட உதவியாளர் என்று படிப்பைக் குறிப்பிட்டே ஆள் எடுத்தார்கள்.

சம்பளம் என்று வந்தபோது படிப்பு மறந்துபோனது. இரண்டாண்டு தகுதிகாண் பருவத்துக்கு எல்லோருக்கும் 15,000 ரூபாய் தொகுப்பூதியம். ஏழாவது ஊதியக் குழு 2016 முதல் ஒன்றிய அரசின் கடைநிலை ஊழியருக்கு வகுத்த தொடக்க அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய், அகவிலைப்படி தனி. போட்டித் தேர்வில் வென்ற ஆந்திரப் பொறியாளர் அதைவிட 3,000 ரூபாய் குறைவாக வாங்கினார். இரண்டாண்டு 2021 அக்டோபரில் முடிந்தது. பணி நிரந்தரம் வரவில்லை. 2022 ஜனவரியில் ஊழியர்கள் பணிப் புறக்கணிப்பில் இறங்கினார்கள். அதன்பின் 2022 ஜூலை முதல்தான் காலமுறை ஊதியம் கிடைத்தது. தொடக்கம் 22,460 ரூபாய், ஊராட்சிச் செயலருக்கு 23,120 ரூபாய். வாக்களித்த நாளுக்கும் கொடுத்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மாதம். லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஊதிய வேறுபாடு அரசுக்கு மிச்சம்.

2024 ஜூலை 1 முதல், தன்னார்வலர்கள் செய்துவந்த வீட்டுவாசல் ஓய்வூதிய விநியோகமும் செயலக ஊழியர்கள் தலையில் விழுந்தது. சாலைக்கு மதிப்பீடு போட வேண்டிய பொறியியல் உதவியாளர் கைரேகைக் கருவியோடு விடியற்காலையில் வீடு வீடாகப் போகிறார். முதியோருக்கு ஓய்வூதியம் கொண்டுபோய்க் கொடுப்பது இழிவான வேலை அல்ல. அதற்கென இருந்த இரண்டரை லட்சம் பேரை வெளியே தள்ளிவிட்டு, அவர்களின் வேலையைக் கூலியே இல்லாமல் இன்னொருவர்மேல் ஏற்றியதுதான் இழிவு. ஒருவரின் கல்வியும் வீணாகிறது. மற்றவரின் வாழ்வும் பறிபோகிறது.

கூலி குறையும் வழிகள்

மிகைத்தகுதி என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் இதைப் பற்றி நூல் எழுதினார். 1981இல் டங்கன், ஹாஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கூலியைக் கணக்கிட்டார்கள். வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சிறிது கூலி கூடுகிறது, ஆனால் படிப்புக்கேற்ற வேலையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான் கூடுகிறது என்று கண்டார்கள். நிரந்தரப் பணியும் கூட்டுப் பேரமும் ஓரளவு இருந்த நாட்டின் கணக்கு அது. தொகுப்பூதியமும் மதிப்பூதியமும் ஆளும் நாராயணவனத்தில் அந்தப் பாதியும் கிடையாது. கூடுதல் படிப்புக்குக் கிடைக்கும் கூடுதல் கூலி பூஜ்யம்.

இதைவிட முன்பே, தனது மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் இதன் வேரைத் தொட்டார். வணிக நிறுவனங்களின் எழுத்தர்களைப் பற்றிப் பேசும்போது, பொதுக்கல்வி பரவப் பரவ அத்தகைய உழைப்புச் சக்தி மலிவாகும், முன்பு அந்த வேலைக்கு வரமுடியாத ஏழை வர்க்கங்களிலிருந்து ஆள் எடுக்க முதலாளிக்கு வழி பிறக்கும், போட்டி கூடும், கூலி இறங்கும் என்று விளக்கினார். 1894இல் அத்தொகுதியைப் பதிப்பித்த எங்கெல்ஸ், 1865இல் எழுதப்பட்ட இந்தக் கணிப்பு நடந்தேறிவிட்டது என்று அடிக்குறிப்பு சேர்த்தார். மூன்று நான்கு மொழி தெரிந்த ஜெர்மன் எழுத்தர்கள் லண்டனில் வாரம் 25 ஷில்லிங்குக்கு வேலை தேடி அலைவதைச் சான்றாகக் காட்டினார். தேர்ந்த இயந்திரத் தொழிலாளியின் கூலியைவிட அது மிகவும் குறைவு. லண்டனின் அந்த எழுத்தருக்கும் புத்தூர்ச் சாலையின் பொறியியல் பட்டதாரிக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூரம், விதி ஒன்றே.

இந்த விதி மூன்று வழிகளில் செயல்படுகிறது. முதலாவது, வேலைக்கு ஒட்டப்படும் முத்திரை. குறைந்தபட்சக் கூலி ‘திறன் தேவைப்படாத’, ‘அரைத்திறன்’, ‘திறன்’, ‘உயர்திறன்’ என்று வேலையைப் பொறுத்து நிர்ணயமாகிறது. வேலையை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் முதலாளியின் கையே ஓங்குகிறது. அவர் ஆள் எடுக்கும்போது டிப்ளமோ கேட்கிறார், ஆங்கிலம் கேட்கிறார், கணினி கேட்கிறார். கூலிப் பட்டியலில் அதே வேலை கீழ்வகையில் நிற்கிறது. திறன் உறிஞ்சப்படுகிறது, அதற்கு விலை எழுதப்படுவதில்லை.

இரண்டாவது, கீழே தள்ளுதல். இண்டர்மீடியட் இடத்தைப் பட்டதாரி பிடித்தால் இண்டர்மீடியட் முடித்தவர் எங்கே போவார்? பத்தாம் வகுப்பு போதும் என்றிருந்த இடத்துக்கு. பத்தாம் வகுப்பு முடித்த நெசவாளியின் மகள் அங்கிருந்து வெளியேறி விசைத்தறிக்கோ வயல்வேலைக்கோ போகிறாள். ஒவ்வொரு படியிலும் ஆள் கூடக்கூட அந்தப் படியின் கூலி இறங்குகிறது. மிகைத்தகுதியால் முதலில் அடிவாங்குபவர் பட்டதாரிதான்; கடைசி அடியும் கடுமையான அடியும் படிக்க வாய்ப்பே கிடைக்காதவர்மேல் விழுகிறது.

மூன்றாவது, வடு. குறைந்த கூலியில் தொடங்கியவரிடம் அடுத்த முதலாளி கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன என்பது. ஐயாயிரம் என்று சொன்னவருக்கு எட்டாயிரமே உயர்வாகக் காட்டப்படும். இதற்கிடையில் அரசு வேலைக்கான வயது வரம்பும் கடந்துபோகும். ஒருமுறை தாழ்ந்த கூலி வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

ஆலைக்குள் இதற்குச் சட்டப்பூர்வமான வாசல் ஒன்று உண்டு: தொழில் பழகுநர். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. 2019இல் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி, ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளக்கூடிய பழகுநர்களின் உச்சவரம்பை 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்த்தியது. பட்டதாரிப் பழகுநருக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய். அதிலும் 4,500 ரூபாயை அரசு தருகிறது. நாட்டின் முதல் ஐந்நூறு பெருநிறுவனங்களில் ஒன்று தருவது 500 ரூபாய், அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. படித்த இளைஞரின் ஒரு மாத உழைப்புக்கு இந்தியப் பெருமுதலாளி கொடுக்கும் விலை ஐந்நூறு ரூபாய்!

நீதிமன்றத்தின் இரு அளவுகோல்கள்

சட்டம் இந்த நிலைமையில் எங்கே நிற்கிறது? 1967இல் மைசூர் அரசு எதிர் நரசிங்க ராவ் வழக்கில், ஒரே வரைபட நகலெடுப்பு வேலையைச் செய்த மெட்ரிகுலேஷன் தேறாதவர்களுக்குக் குறைந்த ஊதிய விகிதம் தருவது செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது படிப்பு குறைந்தால் கூலியைக் குறைக்கலாம். அப்படியானால் படிப்பு கூடினால் கூலி கூட வேண்டுமே? அங்கே வேலைதான் அளவுகோல், படிப்பு அல்ல என்கிறார்கள். எந்த அளவுகோல் கூலியைக் குறைக்குமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி ஆளும் வர்க்கத்துக்கு இருக்கிறது.

2020 நவம்பர் 3 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் இன்னொரு முகம் வெளிப்பட்டது. வங்கியின் பியூன் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும், பட்டதாரியாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பட்டதாரி தன் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்துத் தேர்வானார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. பட்டதாரி வந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் இடத்தைப் பறிக்கக்கூடாது என்ற நியாயம் அந்த நிபந்தனைக்குள் இருக்கிறது. அதை இடதுசாரிகள் எள்ளி நகையாட முடியாது. ஆனால் ஒரு மனிதன் தான் படித்ததைக் குற்றம்போல் மறைக்க வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளியது யார் என்பதை அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை. 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசுத் துறைகளில் 9.79 லட்சம் பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றத்தில் அமைச்சரே ஒப்புக்கொண்டார். பட்டதாரிக்குரிய இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு, பியூன் இருக்கையில் உட்கார்ந்தாய் என்று தண்டிக்கிறது அரசு.

இதே நீதிமன்றம் 2016 அக்டோபர் 26 அன்று பஞ்சாப் மாநிலம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் வேறு குரலில் பேசியதும் உண்டு. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத் தொடக்கநிலை உரியது என்றது. குறைந்த கூலிக்கு எவரும் விரும்பி வேலை செய்வதில்லை, நிர்ப்பந்தத்தாலேயே செய்கிறார்கள் என்பதையும் ஏற்றது. தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வீதியின் பலம் தேவை.

எல்லைக்கு இப்புறமும்

ஆந்திரக் கதை என்று தமிழ்நாட்டுத் தோழர்கள் இதைத் தள்ளிவைக்க முடியாது. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. பணி நிரந்தரத்துக்கான அவர்களின் போராட்டம் இரு கழக ஆட்சிகளையும் கண்டுவிட்டது. அரசுக் கலைக் கல்லூரிகளில் முனைவர் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் முடித்த கௌரவ விரிவுரையாளர்களுக்கு 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே 50,000 வரை வழங்கலாம் என்று வகுத்திருந்தது. பெயரில் மட்டும் கௌரவம்.

2019 நவம்பரில் கோவை மாநகராட்சியின் 549 தூய்மைப் பணியிடங்களுக்கு ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். பொறியாளர்களும் பட்டதாரிகளும் அதில் இருந்தார்கள். நாளேடுகள் இதைப் பரிதாபச் செய்தியாக்கின. பட்டதாரி துடைப்பம் எடுப்பதா என்ற சாதிய அதிர்ச்சியே அந்தப் பரிதாபத்தில் பெரும்பகுதி. தொடக்க ஊதியம் 15,700 ரூபாய், நிரந்தரப் பணி. தனியார் நிறுவனத்தில் அதில் பாதிகூடத் தராத வேலையில் இருந்தவர்கள் விண்ணப்பித்ததில் என்ன வியப்பு? அங்கே ஏற்கெனவே ஒப்பந்தத்தில் பல ஆண்டுகள் குப்பை அள்ளிய தொழிலாளிகளும் அதே வரிசையில் நின்றார்கள். ஊதியம் மேம்பட்டவுடன் அந்த இடம் யாருக்கு என்ற கேள்வி அவர்களுக்கு எதிராகத் திரும்பும் ஆபத்தைத் தொழிற்சங்கம் கவனித்தாக வேண்டும்.

‘திறன் இல்லை’ என்னும் வாதம்

இந்திய இளைஞரிடம் பட்டம் இருக்கிறது, திறன் இல்லை என்பது ஆளும் வர்க்கத்தின் நிரந்தரப் பல்லவி. கல்வியின் தரத்தில் குறை இல்லாமல் இல்லை. தனியார் கல்லூரிச் சந்தையை வளர்த்தவர்களே அதற்குப் பொறுப்பு. ஆனால் வாதம் உண்மையானால் படிக்காதவரைவிடப் படித்தவருக்கு வேலை எளிதில் கிடைக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை சொல்வது வேறு. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞரிடையே 29.1 விழுக்காடு. படிக்காத ஏழையால் வேலையின்றி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது, கிடைத்ததைச் செய்கிறார். வீட்டார் தாங்கும்வரை பட்டதாரி காத்திருக்கிறார். தாங்க முடியாத நாளில் எந்த வேலையானாலும் ஏற்கிறார். அந்த நாள் முதல் அவர் வேலையற்றோர் கணக்கிலிருந்து மறைந்து, மிகைத்தகுதிக் கணக்கில் சேர்கிறார். ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி. 2018 ஜனவரியில் பிரதமர் மோடி பக்கோடா விற்று நாளுக்கு 200 ரூபாய் ஈட்டுவதும் வேலைவாய்ப்புதானே என்று கேட்டது, இந்த மறைத்தலைக் கொள்கையாகவே அறிவித்ததாகும்.

கொடுக்கப் பணம் இல்லையா? ஒன்றிய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே விடை தருகிறது. 2023-24இல் பெருநிறுவனங்களின் லாபம் பதினைந்தாண்டு உச்சத்தைத் தொட்டது. முன்னணி ஐந்நூறு நிறுவனங்களின் லாபம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 விழுக்காடு, 2002-03இல் அது 2.1. அதே ஆண்டில் வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 விழுக்காடு. ஆந்திரத் தன்னார்வலருக்கு 5,000 ரூபாய் போதும் என்று முடிவான அதே 2019இல், செப்டம்பர் மாதம், ஒன்றிய அரசு பெருநிறுவன வரியை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்து ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாயைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் 21.16 ஏக்கர் நிலத்தை டிசிஎஸ் நிறுவனத்துக்கு 99 பைசா என்ற பெயரளவு விலைக்குத் தர சந்திரபாபு அரசு முடிவெடுத்தது. இரண்டு மாதம் கழித்து, தினசரி வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து பத்து மணியாக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூலதனத்துக்கு நிலம் இலவசம், வரி சலுகை, கூடுதல் நேரம். படித்த தொழிலாளிக்கு அறிவுரை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட காலப் பணியை அவை எல்லாத் தொழிலுக்கும் திறந்துவிட்டன. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புத் தடை போட்டன. பேரம் பேசும் கை கட்டப்பட்டால், எத்தனை பட்டம் இருந்தும் கூலி உயராது.

இயக்கத்துக்குள் இருக்கும் மயக்கம்

இங்கே இயக்கத்தோடு தொடர்புடைய ஒரு தவறான போக்கையும் சுட்டியாக வேண்டும். ‘பட்டதாரியான எங்களுக்கு இந்தக் கூலியா’ என்ற முழக்கம் இளைஞர், ஊழியர் அரங்குகளில் எளிதில் எழுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் முழக்கத்தின் அடியில் இருக்கும் தர்க்கம் ஆபத்தானது. படிக்காதவருக்கு ஐயாயிரம் போதும் என்று அது ஒப்புக்கொள்கிறது. பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் பத்தாம் வகுப்புக்காரரை அது தோழராகக் கருதாமல் தாழ்ந்தவராகக் கருதுகிறது. கல்வி யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், பட்டத்தை வைத்துக் கூலி கேட்பது சாதிப் படிநிலையைக் கூலிப் படிநிலையாக மாற்றும். மைசூர் வழக்கில் அரசு வாதிட்டதும் அதையேதான்.

மாறாக, கோரிக்கை வேலையின் மதிப்பிலிருந்தும் குடும்பத்தின் தேவையிலிருந்தும் எழ வேண்டும். ஆந்திர அங்கன்வாடி ஊழியர்கள் அதைச் செய்து காட்டினார்கள். 2023 டிசம்பர் 12 முதல் 42 நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊழியருக்கு 11,500, உதவியாளருக்கு 7,000 ரூபாய் என்றிருந்த நிலையில் 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமும் பணிக்கொடையும் கேட்டார்கள். ஜனவரி 6 அன்று அரசு எஸ்மாவை ஏவியும் அவர்கள் கலையவில்லை. பட்டம் பெற்ற ஊழியரும் எழுத்து மட்டும் தெரிந்த உதவியாளரும் ஒரே பந்தலில் அமர்ந்தார்கள். எவர் சான்றிதழையும் எவரும் கேட்கவில்லை. அந்த ஒற்றுமைதான் அரசைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தது.

உடனடிக் கடமைகள்

புத்தூர், நாராயணவனம், சத்தியவேடு வட்டாரத்திலும் எல்லையின் இப்புறத்திலும் பணியாற்றும் தோழர்கள் கீழ்க்கண்ட கோரிக்கைகளை இணைத்து எடுத்துச் செல்ல வேண்டும்.

மத்தியத் தொழிற்சங்கங்கள் கோரும் 26,000 ரூபாய் குறைந்தபட்ச மாத ஊதியம், மதிப்பூதியம், தொகுப்பூதியம், உதவித்தொகை என்ற பெயர் வேறுபாடின்றி உழைக்கும் அனைவருக்கும் வேண்டும். ஒரு வேலைக்கு முதலாளி என்ன படிப்பைக் கேட்கிறாரோ, அந்தப் படிப்புக்குரிய கூலி வகையில் அந்த வேலை சேர்க்கப்பட வேண்டும். டிப்ளமோ கேட்டுவிட்டுத் திறனற்ற வேலைக் கூலி தருவது தண்டனைக்குரிய ஏய்ப்பாக அறிவிக்கப்பட வேண்டும். உற்பத்தி வரிசையில் நிற்கும் பழகுநர், பயிற்சியாளர் அனைவரும் தொழிலாளிகளே என்று சட்டம் ஏற்க வேண்டும். அரசின் காலிப் பணியிடங்கள் நிரந்தர அடிப்படையில் நிரப்பப்பட வேண்டும். கைவிடப்பட்ட தன்னார்வலர்களுக்கு மாற்றுப் பணி தரப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே உழைத்து வருபவருக்கு, அவர் படிப்பு குறைவு என்ற காரணம் காட்டாமல், நிரந்தரத்தில் முன்னுரிமை வேண்டும்.

ஸ்ரீசிட்டியின் கைப்பேசி வரிசைகளில் இளம்பெண்களே பெரும்பான்மை. அவர்கள் வசிக்கும் கிராமங்களிலும் விடுதிகளிலும், செயலக ஊழியரிடமும் முன்னாள் தன்னார்வலரிடமும், விசைத்தறிக் கூடங்களிலும், தெலுங்கிலும் தமிழிலும் இந்தக் கோரிக்கைகள் ஒருசேரப் போய்ச் சேர வேண்டும். தறியில் நிற்கும் தாய்க்கும் பொறியியல் படித்த மகளுக்கும் கூலியைக் குறைப்பது ஒரே கை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த இருவரையும் ஒரே சங்கக் கொடியின்கீழ் கொண்டுவரும் வேலை தோழர்களுடையது.